கப்சிப் அக்காவும் தலைகுனிந்த கோடும்

வட சென்னையில் டிராஃபிக் ஜாம் ஆக வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன் எங்கள் கப்சிப் அக்காவாகத்தான் இருக்க முடியும். நீங்களும் நானும் எண்ணூர் போகிற சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, திருவொற்றியூரில் ஒரு இரண்டாவது மாடி ஜன்னலில் நின்று அந்த லாரி வரிசையைப் பார்த்து அவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"நின்னுட்டானுங்கடா! எல்லாரும் எஞ்சினை ஆஃப் பண்ட்டான். சாம்பிளை ஓட்டு, ஓட்டு, சீக்கிரம்!"

லாரி ஓடினால் ரோடு அதிரும். ரோடு அதிர்ந்தால் எங்கள் கட்டடம் அதிரும். கட்டடம் அதிர்ந்தால் எங்கள் கருவி வரைகிற கோடு காக்கா வலிப்பு வந்த மாதிரி துடிக்கும். ஊருக்கே பேஜாரான டிராஃபிக் ஜாம், எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் நல்ல நேரம்.

அந்த ஆய்வகத்தின் தலைவிதான் அக்கா. வெளிச்சத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். யார் உள்ளே வந்தாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை "கப்சிப்!" அதனால் அந்தப் பெயர். இதில் ஒரே ஒரு சிக்கல், அந்தக் 'கப்சிப்'பை அவர் சொல்லுகிற சத்தத்தில் எங்கள் ஜன்னல் கண்ணாடி ஆடும். காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுப்பவர். அலை, மோட்டார், ஐஸ் உடைக்கிற சத்தம் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டிய குரல் அது. எத்தனை டாக்டர் பட்டம் வாங்கினாலும் குறையாது.

நான் வியாசர்பாடிக்காரன். கெமிஸ்ட்ரி முடித்த சூட்டோடு, உலகத்தையே மாற்றப்போகிற வேகத்தோடு, புது ஷூ போட்டுக்கொண்டு முதல் நாள் படியேறிப் போனேன்.

"குட் மார்னிங் மே..."

"கப்சிப்!"

நின்றேன்.

"ஷூவக் கழட்டு. பூனை மாறி வா, யானை மாறி வராத. சிரிப்பு வந்தா வெளிய போய் சிரிச்சிட்டு வா. தும்மல் வந்தா முன்னாடியே சொல்லு."

"தும்மல முன்னாடியே எப்படி மேடம்..."

"மேடமாம். அக்கான்னு கூப்புடு. அதுவும் மெதுவா கூப்புடு."

அறையின் நடுவில் கறுப்புத் துணியால் ஒரு கூடாரம். அதற்குள் செருப்பு டப்பா அளவுக்கு ஒரு கருவி. எங்கள் எலக்ட்ரானிக்ஸ் ஆள் தாஸ் கையாலேயே கோத்தது. அதன் உள்ளே ஒரு கண்ணாடிச் சில்லு. சில்லின் மேல் கண்ணுக்கே தெரியாத கனத்தில் தங்கப் பூச்சு. தங்கத்தின் மேல் எலிக்காய்ச்சல் கிருமியின் துணுக்குகளை ஒட்டவைத்திருந்தார்கள். எலிக்காய்ச்சல் வந்தவரின் உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போட ஆன்டிபாடிகளைத் தயாரிக்கும். ஒரு சொட்டு ரத்தத் தெளிவை உப்புத்தண்ணீரில் கலந்து சில்லின் மேல் ஓடவிட்டால், ஆன்டிபாடிகள் வந்து அந்தத் துணுக்குகளைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால், சில்லின் அடியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தில் ஒரு மயிரிழை மாற்றம் வரும். அந்த மாற்றத்தைத் திரையில் ஒரு கோடு காட்டும். ஒட்டினால் கோடு ஏறும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் காய்ச்சல் வந்த புதிதில் உடம்பில் ஆன்டிபாடி மிகமிகக் குறைவு. கோடு ஏறுவதும் மிகமிகக் குறைவு. லாரி, காற்று, இருமல் எல்லாம் சேர்ந்து போடுகிற ஆட்டத்தில் அந்தச் சின்ன ஏற்றம் காணாமல் போய்விடும்.

"மெஷினுக்குக் காது நல்லாதான்டா கீது. ஊருதான் கத்துது" என்பார் அக்கா. "காசிமேட்டுல ஏலம் நடக்கசொல்ல கடேசில நிக்கிற ஒர்த்தன் குசுகுசுன்னு ஒரு ரேட்டு சொல்றான்னு வை. உனக்குக் கேக்கணும்னா இன்னா பண்ணுவ?"

"அவன் கைல மைக் குடுப்பேன்."

"நான் மத்தவன் வாயெல்லாம் மூடுவேன்."

எங்கள் இருவருக்கும் அன்று தொடங்கிய போட்டி இது. என் கட்சி மைக். அவர் கட்சி கப்சிப்.

ஏன் இவ்வளவு வெறி என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அக்காவின் அண்ணன் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுமப்பவர். ஒரு மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று வேலை பார்த்தார், காய்ச்சல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்றது சோதனை. கண் மஞ்சளாகி, சிறுநீரகம் பழுதாகிய பிறகுதான் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் ஐஸ் பெட்டியைத் தூக்குகிற உடம்பு திரும்பி வரவில்லை.

"அந்த டெஸ்ட்டு 'ஒண்ணும் இல்ல'ன்னு சொல்லக்கூடாது நைனா. 'எனக்குக் கேக்கல'ன்னு சொல்லியிருக்கணும். ரெண்டுக்கும் எவ்ளோ வித்யாசம் கீது பாரு" என்றார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

ரோட்டை விடுங்கள். அதைவிடப் பெரிய எதிரி எங்கள் காலுக்கடியிலேயே இருந்தார். கீழ்த்தளத்தில் லேத் பட்டறை. முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. அவர் இரும்பைக் கடையத் தொடங்கினால் எங்கள் கோடு மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி ஆகிவிடும். அக்கா இறங்கிப் போய் மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"என்ன டாக்டரம்மா, தொழில நிறுத்திட்டு உங்க கோட்டுக்குக் காவல் இருக்கணுமாக்கும்? அதக் கெடக்கட்டும், டாக்டர்னு சொல்லுதாவ, இந்த முட்டுவலிக்கு என்ன செய்ய?"

"அண்ணாச்சி, நான் வெளிச்சத்துக்கு டாக்டரு. முட்டிக்கு இல்ல."

முட்டிக்கு வழியில்லை என்றதும் பேச்சுவார்த்தை நாக்குக்குத் திரும்பியது. கடைசியில் ஒரு சிவப்பு வாளி உடன்படிக்கை ஆனது. எங்கள் ஜன்னலிலிருந்து கயிற்றில் சிவப்பு வாளி இறங்கும். வாளிக்குள் வறுத்த மீன் இருக்கும். அண்ணாச்சி அதைத் தின்று முடிக்கும்வரை லேத் ஓடாது. அதற்குள் நாங்கள் சாம்பிளை ஓட்டிக்கொள்ள வேண்டும்.

அக்காவின் விஞ்ஞான மூளை இதில்தான் முழு வீச்சில் வேலை செய்தது. நெத்திலி அனுப்பினால் அண்ணாச்சி அள்ளிப் போட்டுக்கொண்டு உடனே மெஷினைத் தட்டிவிடுகிறார். வஞ்சிரம் அனுப்பினால் கொஞ்சம் பரவாயில்லை. அக்கா அம்மாவிடம் சொல்லி, துறைமுகத்திலேயே முள் அதிகமான வாளை மீனாகப் பார்த்து வாங்க ஆரம்பித்தார். ஒரு துண்டுக்கு ஒரு கூடை முள். அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முள்ளாக எடுத்து வைப்பார். மேலே நாங்கள் ஆற அமர ஓட்டுவோம்.

"தாயி, ருசியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் பெரும்பாடா இருக்கு" என்று கீழிருந்து குரல் வரும்.

"மெதுவா சாப்புடுங்க அண்ணாச்சி! அவசரப்பட்டா தொண்டைல மாட்டிக்கும்!"

இதற்கிடையில் என் மைக்கும் தயாராகிக்கொண்டிருந்தது. மிகச் சின்னத் தங்கத் துகள்களை எடுத்து, ஆன்டிபாடியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற மாதிரிச் செய்வேன். சில்லில் ஒரு ஆன்டிபாடி உட்கார்ந்தால் என் துகள் போய் அதன் முதுகில் ஏறிக்கொள்ளும். கோடு இன்னும் நன்றாக ஏறும். அந்தத் துகள் கலந்த தண்ணீர் நன்னாரி சர்பத் மாதிரி செக்கச்செவேல் என்று இருக்கும். அக்கா எனக்கு 'தங்கபஸ்பம்' என்று பெயர் வைத்துவிட்டார்.

"இன்னா தங்கபஸ்பம், உன் மைக்கு அவன் குசுகுசுப்ப மட்டுமா பெருசாக்குது? பக்கத்துல இருமுறவனையும் சேத்துத்தான் பெருசாக்குது."

கோபமாக வந்தது. ஏனென்றால் அது உண்மை. சீரத்தில், அதாவது அந்த ரத்தத் தெளிவில், இருக்கிற சம்பந்தமில்லாத புரதங்களும் சில்லில் காலியாக இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் துகள் அவற்றிலும் கொஞ்சம் போய் ஒட்டும். இதற்கு ஆய்வகங்களில் ஒரு பழைய வழி உண்டு. பால் பவுடர். கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து ஊற்றினால், பாலின் புரதம் காலியிடங்களை எல்லாம் அடைத்துக்கொள்ளும். பஸ்ஸில் நம் ஆள் வருவதற்குள் கண்டவனும் உட்காராமல் இருக்க, மீதி சீட்டில் எல்லாம் மூட்டையை வைப்பது மாதிரி. சீரத்தைக் கலக்கவும் அதே பால் தண்ணீர்தான்.

ஒருநாள் பவுடர் தீர்ந்துவிட்டது. தாஸ் தெருமுனைக் கடைக்குப் போய் வாங்கிவந்தான். அன்று சாம்பிள் ஓடியதும் கோடு ஏறியது பாருங்கள், ராக்கெட்! நான் துள்ளிக் குதித்தேன். குதிக்கக்கூடாது என்பதே மறந்துபோனது. தாஸ் என்னைக் கட்டிப்பிடித்தான். அக்கா மட்டும் அசையவில்லை. உப்புத்தண்ணீரை ஓட்டிக் கழுவினார். கோடு ஏறிய வேகத்திலேயே தொபுக்கென்று கீழே விழுந்தது.

"ஒட்டினது கழுவினாலும் லேசுல போவாது. இது வந்த கையோட போயிட்ச்சு. டேய் தாஸு, அந்தப் பாக்கிட்ட எட்தா."

எடுத்துவந்தான். டீக்குப் போடுகிற பவுடர். பாதிக்கு மேல் சர்க்கரை. சர்க்கரைத் தண்ணீரில் வெளிச்சம் வேறு மாதிரி வளையும், அதைத்தான் கருவி உண்மையாகச் சொல்லியிருக்கிறது.

"ஆன்டிபாடி கண்டுபுடிக்கிற மெஷினு செஞ்சோம்னு பாத்தா ஸ்வீட் ஸ்டால் கண்டுபுடிக்கிற மெஷினு செஞ்சு வெச்சிகீறோம்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பாக்கெட்டில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் கருவியின் பரீட்சைக்குத் தேதி குறித்தார்கள். ஒரு மருத்துவமனை ஆய்வகம் எங்களுக்குப் பெயர் எழுதாத சீரக் குப்பிகளை அனுப்பும். எதில் எலிக்காய்ச்சல் ஆன்டிபாடி இருக்கிறது, எதில் இல்லை என்று நாங்கள் சொல்ல வேண்டும். ஆன்டிபாடி இருந்தும் இல்லாத மாதிரி, மிக மிக மெலிதானதும் அதில் இருக்கும். தேறினால் கருவி மழைக்கு முன்பே காசிமேட்டுச் சுகாதார மையத்துக்குப் போகும். தேறாவிட்டால் திட்டம் மூடப்படும். கட்டட ஓனர் எங்கள் அறையில் அரிசி மூட்டை அடுக்க ஆளே பார்த்து வைத்திருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கோடு தொங்க ஆரம்பித்தது.

துடிப்பு இல்லை, குதிப்பு இல்லை. வெறும் உப்புத்தண்ணீர் ஓடும்போதே, சோர்ந்துபோன பிள்ளை மாதிரி மெல்லத் தலையைக் குனியும். எவ்வளவு குனிகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் மெலிதான சாம்பிள் அதை ஏற்றவும் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பூஜ்ஜியம். 'ஒன்றும் இல்லை.' அக்கா உலகிலேயே அதிகம் வெறுத்த பதில்.

அக்கா சந்தேகக் கேஸ் போடத் தொடங்கினார். முதல் குற்றவாளி சுவரில் இருந்த பல்லி. அதை ஒட்டடைக்குச்சியோடு விரட்டி நாடு கடத்தினார். அடுத்தது புறா. அடுத்தது தாஸின் செல்போன். ஏசி அதிர்கிறது என்று அதை நிறுத்தினார். ஃபேனையும் நிறுத்தினார். சித்திரை வெயிலில் நாங்கள் இட்லிப் பானைக்குள் வேலை பார்த்தோம். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"தங்கபஸ்பம், நீ மூச்சு வுடுறியா?"

"விடாம எப்படிக்கா?"

"கொஞ்சமா வுடு."

கூடாரத்துக்குள் நுழையவே எங்களுக்குத் தடை. அக்கா மட்டும் உள்ளே. காற்றில் விளக்கு அணையாமல் காப்பது போல இரண்டு கையையும் கருவியைச் சுற்றி வைத்துக்கொண்டு, மூக்கு இடிக்கிற தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த லட்சணத்தில் எர்ணாவூரில் அவர் சித்தி மகளுக்குக் கல்யாணம். போகமாட்டேன் என்றவரை அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார். போகும்போது ஆட்டோவிலிருந்து கத்தினார். "உள்ள யாரும் போவாதீங்கடா! வெளிய இருந்தே ஓட்டுங்க!"

ஓட்டினோம். கோடு நேராக ஓடியது. கேரம் போர்டில் பவுடர் போட்டுத் தேய்த்த மாதிரி அப்படி ஒரு நேர். மெலிதான சாம்பிளை விட்டோம். கோடு சின்னதாக ஒரு படி ஏறி அங்கேயே நின்றது. என் தங்கத் துகளை விட்டதும் இன்னொரு படி. நானும் தாஸும் வாயைத் திறந்து சத்தமே வராமல் கத்தினோம். அக்காவுக்குப் போன் போட்டோம்.

பந்தியிலிருந்து எழுந்து அப்படியே வந்துவிட்டார். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, வாயில் பீடா. நேராகக் கூடாரத்துக்குள் போனார். கோடு மெல்லத் தலைகுனிந்தது.

"இன்னாடா இது? நேரா கீதுன்னீங்க?"

வெளியே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். அவர் போயிருந்த நேரத்தில் கோடு நிமிர்ந்தது. வந்து உட்கார்ந்ததும் மறுபடி குனிந்தது.

தாஸ் என்னைப் பார்த்தான். நான் தாஸைப் பார்த்தேன். இருவருக்கும் புரிந்துவிட்டது. யார் சொல்வது? 'நீ சொல்' என்று அவன் கண்ணைக் காட்ட, 'உனக்குத்தான் சீனியாரிட்டி' என்று நான் காட்ட, அந்த நேரம் காலி வாளியோடு அண்ணாச்சி படியேறி வந்தார்.

"என்னடே ரெண்டு பேரும் திருதிருன்னு முழிக்கிய?"

தாஸ் அவர் காதில் சொன்னான். அண்ணாச்சிக்கு இந்தக் கூச்சமெல்லாம் தெரியாது. வாசலில் நின்றபடியே சொன்னார்.

"தாயி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க சூடுதான் அதுக்கு ஆகலையாம்."

அக்கா திரும்பிப் பார்த்தார். அதற்கு மேல் அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துப் பார்த்தார். பிறகு அந்தக் கையைக் கருவியின் பக்கம் கொண்டுபோனார். கோடு குனிந்தது. கையை எடுத்துக் காத்திருந்தார். நிமிர்ந்தது. உப்புத்தண்ணீர் துளியளவு சூடானாலும் வெளிச்சம் தெரிந்துகொள்ளும். லாரியை நிறுத்தி, லேத்தை நிறுத்தி, பல்லியைத் துரத்தி, ஃபேனை அணைத்து, ஊரையே அடக்கிய பிறகு அந்த அறையில் மிச்சம் இருந்த ஒரே தொந்தரவு அவர்தான்.

எழுந்தார். வெளியே போய்க் கதவைச் சாத்தினார். படிக்கட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்படி ஒரு சிரிப்பு. சிரிப்பு வந்தால் வெளியே போய்ச் சிரிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம்தானே. திரும்பி வந்தபோது கண் ஈரமாக இருந்தது. சிரிப்பில் வந்த தண்ணீர் என்றுதான் வைத்துக்கொண்டோம்.

"பாவம்டா அந்தப் பல்லி" என்றார்.

மறுநாள் காசிமேட்டிலிருந்து ஒரு தெர்மகோல் மீன் பெட்டியோடு வந்தார். ஐஸையே உருகாமல் காப்பாற்றுகிற பெட்டி கருவியைக் காப்பாற்றாதா? கருவி உள்ளே போனது. கோடு அடங்கியது. அறை முழுக்கச் சங்கரா மீன் வாசனை. ஆனால் பெட்டிக்கு மூடி உண்டு, அக்காவுக்குக் கையும் உண்டு. 'ஒரே ஒருதரம்' என்று திறந்து எட்டிப் பார்ப்பார். கோடு குனியும். அதனால் பரீட்சை நாளன்று அவரே தனக்குத் தண்டனை விதித்துக்கொண்டார்.

"நான் கீழ குந்திக்கிறேன். நீங்க ஓட்டுங்க."

தாஸ் கண்ணை விரித்தான். அந்தக் கோட்டுக்காகவே இத்தனை காலம் வாழ்ந்தவர், அது பேசப்போகிற நாளில் அதைப் பார்க்காமல் கீழே அண்ணாச்சி பட்டறை ஸ்டூலில் போய் உட்கார்ந்தார்.

அன்று பார்த்து ரோட்டில் டிராஃபிக் ஜாம் இல்லை! லாரிகள் சும்மா பறந்தன. ஒருமுறை ஓட்டியும் உண்டா இல்லையா என்று பிடிபடாத குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் நிற்கிறோம், கோடு கிடந்து ஆடுகிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துக் கையை விரித்தேன். அக்கா எழுந்தார். நடுரோட்டுக்குப் போனார். பரம்பரைக் குரலைத் திறந்தார்.

"நிறுத்து நைனா! எஞ்சினை ஆஃப் பண்ணு! மேல ஒரு உசுரு சன்னமாப் பேசுது, கேக்கணும்!"

முதல் லாரி டிரைவர் மிரண்டுபோய் நிறுத்தினார். தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, யார்னா பெரிய ஆளா? மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குப் போற ஊர்வலமா? எங்க காணோம்?"

"வந்துகினே கீது" என்றார் அக்கா, முகத்தில் துளி சலனம் இல்லாமல்.

அவ்வளவுதான். அந்த டிரைவரே இறங்கிப் பின்னால் வருகிறவர்களை எல்லாம் நிறுத்தினார். வராத ஊர்வலத்துக்காக ஒரு சாலையே மரியாதையாகக் காத்திருந்தது. மேலே, அந்த நிசப்தத்தில், எங்கள் கோடு எறும்பு கல் ஏறுகிற மாதிரி ஒரு படி ஏறி நின்றது.

மருத்துவமனையிலிருந்து பதில் வந்த அன்று அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார். இருக்கிறது என்று நாங்கள் சொன்னதெல்லாம் இருந்தது. லாரிகளை நிறுத்தி ஓட்டினோமே, அந்த மிக மெலிதானதும்தான். இல்லை என்று சொன்னவற்றில் ஒன்றும் இல்லை. ஒன்றில் மட்டும் 'சொல்ல முடியவில்லை' என்று எழுதியிருந்தோம். அக்காவுக்கு அதில்தான் அதிகப் பெருமை.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிச்சு பாத்தியா? அதான்டா மெஷினு."

இப்போது கருவி காசிமேட்டில்தான் இருக்கிறது, அதே மீன் பெட்டிக்குள். மழை தொடங்கிவிட்டது. காய்ச்சலோடு வருகிறவர்களின் ரத்தத்தை, வழக்கமான சோதனையோடு சேர்த்து இதிலும் ஓட்டிப் பார்க்கிறோம். வாசலில் அக்காவின் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களிடம் "கப்சிப்" என்கிறார், மெதுவாக. பெட்டியின் பக்கத்தில் வருவதற்கு அக்காவுக்கு மட்டும் அனுமதி இல்லை. அவரே போட்ட சட்டம்.

காலையில் ஆட்கள் வருவதற்கு முன்னால் வெறும் உப்புத்தண்ணீரை ஓட்டிக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்போம். நேற்றும் நானும் தாஸும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு லேசாகத் தலைகுனிந்தது. பின்னால் மல்லிகைப்பூ வாசனை. செருப்புச் சத்தம் இல்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாஸும் பார்க்கவில்லை. உப்புத்தண்ணீர்தானே, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டோம்.